ஒரு பாட்டு, ஒரு ஜோடி

என் அண்ணனுக்குப் பாம்புக்காது. அடுத்த அறையில் அண்ணி போனில் கிசுகிசுத்தால் இவர் இங்கிருந்தே பதில் சொல்வார். வன அலுவலகத்தில் அவருடைய பட்டப்பெயரே அதுதான். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபப்பட மாட்டார், சிரிப்பார். இருபத்தாறு வருஷமாக எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது அந்தக் காது. காட்டில் பறவைகளை எண்ணுவது அவர் வேலை. கண்ணால் இல்லை, காதால். இலை அடர்ந்த மரத்தில் கண்ணால் எண்ணப் போகிறவன் கழுத்துச் சுளுக்கோடு திரும்பி வருவான், கணக்கோடு வரமாட்டான்.

எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. புழுக்காரி. நான் மரத்தடியில் வெள்ளைத் துணி கட்டிய சட்டங்களை வைப்பேன். மேலே இலை தின்கிற புழுக்களின் எச்சம், கடுகைவிடச் சிறியது, அந்தத் துணியில் விழும். மூன்று நாளைக்கு ஒருமுறை அதைக் கூட்டியெடுத்து, தூசி பொறுக்கி, உலர்த்தி, தராசில் நிறுப்பேன். எச்சம் எவ்வளவோ அவ்வளவு புழு. புழு எவ்வளவோ அவ்வளவு குஞ்சு பிழைக்கும். என் நாற்பத்தெட்டு வயதில் பத்தொன்பது வருஷம் புழுப் பீயை நிறுத்தே போயிருக்கிறது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்தத் தராசு ஒருநாளும் பொய் சொன்னதில்லை. பொய் சொன்னது நாங்கள்தான்.

அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு தார்ச்சாலை. அதற்கு இந்தப் பக்கம் பழங்காடு, அந்தப் பக்கம் நடவுக்காடு. பழங்காட்டை யாரும் நடவில்லை. முப்பது வகை மரம், பொந்து, பட்டுப்போன கிளை, கொடி, சேறு எல்லாம் உண்டு. நடவுக்காடு முப்பது வருஷத்துக்கு முன் வைத்தது. ஒரே வகை ஊசியிலை மரம், ஒரே உயரம், ஒரே இடைவெளி. உள்ளே போனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசையாகத் தெரியும். தரையில் காய்ந்த ஊசிகள் மெத்தைபோலக் கிடக்கும், மேலே எதுவும் அந்த ஊசியைத் தின்னாது.

பழங்காட்டில் பாதியை வெட்டி அங்கேயும் ஊசியிலை நடவேண்டும் என்று ஒரு விண்ணப்பம் வந்திருந்தது. அதற்கு ஒரு நிபந்தனை. பட்டாணிக்குருவி என்று கறுப்புத் தலையும் வெள்ளைக் கன்னமுமாக ஒரு சின்னப் பறவை, எங்கள் காட்டில் அதுதான் அளவுகோல். நடவுக்காட்டில் அந்தக் குருவி ஜோடிகள் பழங்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் வெட்டலாம். குறைந்திருந்தால் கூடாது. இரண்டு காட்டிலும் பத்துப் பத்து இடத்தில் நின்று, இடத்துக்குப் பத்து நிமிஷம், கேட்கிற பாட்டை எண்ணவேண்டும். ஆண் குருவிதான் பாடும். அதனால் ஒரு பாட்டு கேட்டால் ஒரு ஜோடி என்று கணக்கு. எழுதப்பட்ட விதி அது. வசந்தத்தின் முதல் மூன்று வாரத்துக்குள் எண்ணிவிட வேண்டும் என்பதும் விதி.

அந்த முதல் மூன்று வாரமும் அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். அது பழுத்து, மறுபடி கிழித்து, மறுபடி தைத்து, நடக்க ஆரம்பிக்கவே ஐந்து வாரம் ஆகிவிட்டது. வேறு ஆளை அனுப்பச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. "என் காட்டை இன்னொருத்தன் எண்றதா?" என்றார். ஐந்து வாரம் கழித்து, வயிற்றைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு போய் எண்ணினார். படிவத்தில் தேதியை மட்டும் ஐந்து வாரம் முன்னால் போட்டார். எண்ணியவருக்குப் பக்கத்தில் உடன் இருந்தவரும் கையெழுத்துப் போடவேண்டும். படிவத்தை என் முன்னால் நீட்டினார். நான் போட்டேன். அந்தத் தேதியில் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்கும் கையுமாக உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே போட்டேன்.

குருவி எங்கே ஓடிவிடப் போகிறது, அஞ்சு வாரத்தில் என்ன குடிமுழுகிவிடும் என்றுதான் நினைத்தோம். இரண்டு காட்டையும் ஒரே வாரத்தில், ஒரே நேரத்தில் எண்ணியிருக்கிறார். தராசின் இரண்டு தட்டுக்கும் ஒரே கல். இதில் என்ன தப்பு வந்துவிடும்?

கணக்கைப் பார்த்த அன்றுதான் தூக்கிவாரிப் போட்டது. நடவுக்காடு நாற்பத்தேழு. பழங்காடு முப்பத்தொன்று.

"அண்ணா, இடம் மாத்தி எழுதிட்டீங்களா?"

"எனக்கு என்ன மூளையும் சேர்த்தா ஆபரேஷன் பண்ணினாங்க? சரியாத்தான் இருக்கு."

"என் தட்டுல பழங்காட்டுச் சட்டம் ஒண்ணுக்கு அஞ்சு கிராம் எச்சம். நடவுக்காட்டுல அரை கிராம்கூட இல்ல. அந்த நாப்பத்தேழு ஜோடியும் குஞ்சுக்கு என்ன குடுக்கும், காத்தையா?"

"புழுவை நீ நிறு. பாட்டை நான் கேக்கறேன். என் காதுல விழுந்ததைத்தான் எழுதினேன்." குரல் உயர்ந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

கணக்கு மேலே போனது. ஆட்சேபணை இருந்தால் பதினாலு நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அந்தக் காட்டுக்காக ஆட்சேபணை எழுத யார் இருக்கிறார்கள்? அதன் உள்ளே போய் வருகிறவர்களே நாங்கள் இரண்டு பேர்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அண்ணன் வீட்டுச் சமையலறையில் இருந்தேன். அண்ணி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மேற்பார்வை வேலை. வந்ததும் வராததுமாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு காய் நறுக்க ஆரம்பித்திருந்தாள். நான் வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் நாற்காலியில் சாய்ந்து, காலை ஸ்டூல்மேல் நீட்டி, ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டிருந்தார்.

"பாடுங்க, நல்லாப் பாடுங்க," என்றாள் அண்ணி. "வேலைவெட்டி இல்லாதவங்க பாட வேண்டியதுதான். பிள்ளைங்க ரெண்டும் கைக்குழந்தையா இருந்தப்போ இந்த வாயிலேருந்து ஒரு பாட்டு வந்துச்சா? பாலு, துணி, டாக்டர்னு பேய் மாதிரி ஓடினீங்க. பொண்ணு பாத்துட்டு என் பின்னாடி சுத்தினப்போ பாடினது. அப்புறம் இப்பத்தான் கேக்கறேன்."

அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் என் கை நின்றுவிட்டது.

"அண்ணா, அஞ்சு வாரம் கழிச்சுப் போனீங்களே, அப்ப பழங்காட்டுல குஞ்சு பொரிச்சிருக்குமா?"

"பொரிச்சு ஒரு வாரம் ஆகியிருக்கும்."

"குஞ்சுக்கு இரை கொண்டுவர்ற ஆண் குருவி பாடுமா?"

அவர் ஸ்டூலிலிருந்து காலை மெதுவாக இறக்கினார். இருபத்தாறு வருஷம் காட்டில் நின்றவருக்கு இதைத் தனியாக விளக்கவேண்டியதில்லை. பாடுவது பெண் தேடும் காலத்து வேலை. ஜோடி சேர்ந்து, முட்டையிட்டு, குஞ்சு வாயைப் பிளந்துவிட்டால் அப்பனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வாயில் புழுவை வைத்துக்கொண்டு எவன் பாடுவான்? அதனால்தான் முதல் மூன்று வாரம் என்று விதி வைத்தார்கள். அந்தக் காலத்தில் எல்லா ஆணும் பாடும், ஒரு பாட்டுக்கு ஒரு ஜோடி என்பது சரியாக வரும். அதைத் தாண்டிவிட்டால் பாடுகிறவன் எல்லாம் ஜோடி கிடைக்காதவன்.

"என்ன ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றாள் அண்ணி.

மறுநாள் நடவுக்காட்டுக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே மரங்களில் பொந்து கிடையாது என்பதால் அலுவலகம் நாற்பது மரப்பெட்டிகளை மாட்டி வைத்திருந்தது, குருவிகள் கூடு கட்டட்டும் என்று. ஒவ்வொன்றாக ஏறி மூடியைத் திறந்து பார்த்தேன். தலைக்கு மேலே ஒரே பாட்டு. ஒருவன் நிறுத்துவதற்குள் பக்கத்து மரத்தில் இன்னொருவன். கேட்கிறவர்கள் சொர்க்கம் என்பார்கள்.

இருபத்தொன்பது பெட்டி சுத்தமாகக் காலி. ஆறு பெட்டிகளில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பாசியைப் போட்டுவிட்டுப் பாதியில் விட்டுப் போயிருந்தன. ஐந்தில்தான் கூடு இருந்தது. அதில் இரண்டில் முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன. மூன்றில் குஞ்சுகள், எல்லாம் செத்தவை. கடைசிப் பெட்டியில் ஏழு. கையிலெடுத்து நிறுத்தேன். அந்த வயதில் ஒன்று பதினாறு கிராம் இருக்கவேண்டும், ஐந்துகூட இல்லை. ஒன்றின் தொண்டையில் ஊசியிலைத் துண்டு சிக்கியிருந்தது. வேறொன்றும் கிடைக்காமல் தாய் அதைக் கொண்டுவந்து ஊட்டியிருக்கிறது. ஏணியில் நின்றபடியே அழுதேன். புழுக்காரி குருவிக்காக அழுகிறாள் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

நாற்பத்தேழு கல்யாண வீடு என்று எழுதிக் கொடுத்திருந்தோம். உண்மையில் அத்தனையும் பெண் கிடைக்காத மாப்பிள்ளைகளும், பிள்ளையைப் பறிகொடுத்த ஐந்து வீடும்.

கடைசிப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுபோய் அண்ணன் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். அவர் மூடியைத் திறந்து பார்த்தார். ஒரு விரலால் ஒன்றைத் தொட்டார்.

"அண்ணா, கணக்கு தப்புன்னு எழுதிக் குடுத்துடுங்க. பழங்காடு பொழைச்சுக்கும்."

"என்னன்னு எழுதறது? தேதியை மாத்திப் போட்டேன்னா? எண்ணினது நான்தான், ஆனா அன்னிக்கு இல்லன்னா?"

"ஆமா. அப்படித்தான் எழுதணும்."

"இருபத்தாறு வருஷம் பாப்பா." எனக்கு நாற்பத்தெட்டு ஆனாலும் அவருக்கு நான் பாப்பாதான். "ஒரு நாள் ஒரு குருவி கூடக் குறைய எழுதினதில்ல. இதை எழுதினா அதெல்லாமும் பொய்ன்னுதானே சொல்லுவாங்க?"

"சொன்னா சொல்லிட்டுப் போறாங்க."

"நீயும் கையெழுத்துப் போட்டிருக்க."

அண்ணன் பெட்டியை மூடினார். "விடு, நான் பாத்துக்கறேன்," என்றார்.

நான் பாத்துக்கறேன் என்று எங்கள் வீட்டில் ஒருவர் சொன்னால், அந்த விஷயத்தைப் பற்றி இனி யாரும் பேசக்கூடாது என்று அர்த்தம். அப்பா போனபோது எனக்குப் பத்து வயது. அன்றிலிருந்து என் பள்ளிக்கூடம், என் வேலை, என் ஒண்டிக்கட்டை வாழ்க்கை எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அவரை மீறி ஒன்று செய்து எனக்குப் பழக்கமில்லை. பாழாய்ப்போன பழக்கம்.

ஐந்தாம் நாள் காயத்தைக் காட்ட டாக்டரிடம் போகவேண்டும் என்றார். ஏழாம் நாள் மழை. எட்டாம் நாள், கடிதத்தை வாங்கவேண்டிய அதிகாரியம்மா லீவு. பத்தாம் நாள் அவர் வந்துவிட்டார், அண்ணனுக்குத்தான் தலைவலி. நான் தினமும் எடைச்சீட்டைக் கொடுக்கிற சாக்கில் அலுவலகம் போய்வந்தேன். அதிகாரியம்மா அறைக்கு வெளியே ஒரு மர பெஞ்சு உண்டு, அதில் உட்கார்வேன். கதவு திறந்துதான் இருக்கும். உள்ளே அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஏதோ படித்துக்கொண்டிருப்பார், என்னைவிடப் பத்து வயது சின்னவர், மரியாதையாகப் பேசுகிறவர். நாலே எட்டு வைத்து உள்ளே போனால் போதும். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவேன். அண்ணனைக் காட்டிக்கொடுத்த தங்கை என்று ஊர் சொல்லும் என்று பயந்தேன் என்றால் அதுவும் பொய். என் கையெழுத்தும் சேர்ந்து நாறும் என்றுதான் பயந்தேன்.

பதின்மூன்றாம் நாள் காலையில் அண்ணனைக் காணோம் என்று அண்ணி போன் செய்தாள். எங்கே போயிருப்பார் என்று எனக்குத் தெரியும். பழங்காட்டின் நடுவில் ஒரு பட்டுப்போன மரம், இடுப்பு உயரத்தில் பொந்து, உள்ளே மற்றவற்றைவிடப் பிந்திப் பொரித்த ஒரு கூடு. அதற்கு எதிரே மடிப்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். நானும் தரையில் உட்கார்ந்தேன்.

அந்தக் காட்டில் அந்தப் பருவத்தில் சும்மா உட்கார்ந்தால் ஒரு சத்தம் கேட்கும், சின்னத் தூறல்போல. மழை இல்லை. மேலே ஆயிரக்கணக்கான புழுக்கள் தின்று போடும் எச்சம் இலை இலையாகத் தட்டிக்கொண்டு கீழே இறங்கும் சத்தம். எனக்கு இந்த உலகத்தில் அதைவிடப் பிடித்த சத்தம் கிடையாது. அந்தத் தூறலுக்குள் இரண்டு குருவிகளும் வந்துவந்து போய்க்கொண்டிருந்தன. ஆண் வரும், வாயில் பச்சைப் புழு, பொந்துக்குள் தலையை விடும், போகும். பெண் வரும். மறுபடி ஆண். ஒன்றும் வாய் திறக்கவில்லை. சுற்றிலும் எந்த மரத்திலும் பாட்டில்லை, எல்லா மரத்திலும் போக்குவரத்து.

மத்தியானம் அண்ணன் நோட்டை என்னிடம் நீட்டினார். விடிந்ததிலிருந்து கோடு கோடாகப் போட்டிருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு தடவை இரை. அதற்குக் கீழே, பாட்டு: பூஜ்யம்.

"இந்த வீட்டை நான் எண்ணவே இல்ல பாப்பா," என்றார். "இதே இடத்துல பத்து நிமிஷம் நின்னேன். ஒண்ணும் கேக்கல. ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டுப் போயிட்டேன்."

நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டார். மறுநாள் கடைசி நாள். மத்தியானம்வரை உட்கார்ந்து கடிதம் எழுதினார். எதையும் ஒளிக்கவில்லை. ஆஸ்பத்திரி, மாற்றிப்போட்ட தேதி, ஒரு பாட்டு ஒரு ஜோடி என்ற விதி அந்த வாரத்தில் ஏன் தலைகீழாகப் போனது, நாற்பது பெட்டி, இருநூற்றுப் பன்னிரண்டு தடவை, எல்லாம். நான் என் எடைச்சீட்டுகளைக் கூட வைத்தேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அலுவலகம் போய்ச் சேர மணி நாலு.

அதிகாரியம்மா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"உக்காருங்க," என்றார் அண்ணனிடம். "உடம்பு இப்ப எப்படி இருக்கு?"

"அதை விடுங்க மேடம். கணக்கை ரத்து பண்ணிடுங்க."

"ரத்து பண்ணத்தான் வேணும். வேற வழியில்ல. ஆனா தேதி பொய்ன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. பொய்த் தேதியில ரெண்டு கையெழுத்து இருக்கு." என்னைப் பார்த்தார். "அப்ப அந்த ரெண்டு கையெழுத்தும் எதுல இருந்தாலும் அதை நான் ஆதாரமா எடுத்துக்க முடியாது. உங்க எடைச்சீட்டும் அதுல சேரும். அவரோட பழைய நோட்டுங்களும் சேரும்."

"என் தராசு பொய் சொல்லாதுங்க," என்றேன்.

"தெரியும். ஆனா கோப்புல தராசு கையெழுத்துப் போடாதே."

"வேற ஆளை அனுப்புங்க. அவங்களே நிறுத்துப் பாக்கட்டும். பெட்டியைத் திறந்து பாக்கட்டும்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "வெளியாள் ஒருத்தர் வந்து சரிபார்த்தா உங்க எடை நிக்கும். அதுக்கு ஒரு வாரம் வேணும். பத்து நாள் முன்னாடி வந்திருந்தா நானே ஆளைக் கூப்பிட்டிருப்பேன். இன்னிக்கு அஞ்சு மணிக்குக் கோப்பு மேல போகுது. அதுல இப்ப விண்ணப்பம் மட்டும்தான் இருக்கு. காட்டுக்கு எதிராவும் கணக்கில்ல, ஆதரவாவும் கணக்கில்ல. கணக்கே இல்லாதப்போ அந்த நிபந்தனை பொருந்தாதுன்னு விதி, ஆட்சேபணைக்கு ஆதாரம் இல்லாட்டி விண்ணப்பம் பாஸாகும். அடுத்த வசந்தத்துல மறுபடி எண்ணச் சொல்லி நான் குறிப்பு எழுதறேன்."

"அடுத்த வசந்தத்துல எதை எண்றது மேடம்?" என்றார் அண்ணன்.

அவர் தண்ணீர் கிளாஸை அண்ணன் பக்கம் நகர்த்தினார். நான் அந்த அறைக்கு வெளியே இருந்த பெஞ்சைப் பார்த்தேன். பத்து நாள் அதில் உட்கார்ந்திருந்தேன். பத்து வருஷமானாலும் பெஞ்சு அங்கேயேதான் இருக்கும்.

ஒன்பது நாள் கழித்து ரம்பங்கள் வந்தன. மரம் வெட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களில் மூத்தவர், முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, "உள்ள உங்க துணியெல்லாம் கெடக்கும்மா, எடுத்துக்குங்க, மரம் விழுந்தா நசுங்கிடும்," என்றார். போனேன். இருபது சட்டத்திலும் மஞ்சளாக மரத்தூள் மூடிக் கிடந்தது. ஒவ்வொன்றையும் உதறாமல் மடித்துக் கொண்டுவந்தேன். பழக்கதோஷம், மறுநாள் அதையும் நிறுத்தேன். சட்டம் ஒன்றுக்கு நூற்றிப்பத்து கிராம். பத்தொன்பது வருஷத்தில் என் தராசு கண்ட பெரிய எடை அதுதான்.

அண்ணன் உட்கார்ந்து எண்ணிய பட்டுமரம் மூன்றாம் நாள் விழுந்தது. குஞ்சுகள் அதற்குள் பறந்திருக்கும் என்று அவரிடம் சொன்னேன். அவர் நாளை எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் இருக்கு," என்றார். அவரிடம் பொய் சொல்ல எனக்கு வராது. சேர்ந்து சொல்லத்தான் வரும்.

எங்கள் இரண்டு பேரையும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மரியாதையாகத்தான் செய்தார்கள், கடிதத்தில் உடல்நிலை காரணம் என்று போட்டார்கள். அண்ணனுடைய இருபத்தாறு நோட்டுகளும் அட்டைப்பெட்டியில் வீட்டுக்கு வந்தன. அண்ணி அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, "தூசி படியாம இருக்கட்டும்," என்று ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினாள். அதற்குமேல் அவள் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. வாய் ஓயாத அண்ணி பேசாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறு வசந்தத்தில் எண்ணுவதற்கு ஆள் போடவில்லை. பாட்டைப் பதிவு செய்கிற சின்னக் கருவிகளை நடவுக்காட்டு மரங்களில் பெல்ட் போட்டுக் கட்டினார்கள். அதற்கு ஆபரேஷன் வராது, தேதியை மாற்றத் தெரியாது. சரியாக முதல் மூன்று வாரத்தில் கேட்டது. விதிப்படி கேட்டது.

ஆனால் வெட்டிய காட்டின் குருவிகளுக்குப் போன வருஷம் இருந்த இடத்துக்கே திரும்பி வந்துதான் பழக்கம். வந்து பார்த்தன, அடிமரங்கள்தான் இருந்தன. சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போயின. வேறெங்கே போகும்? எங்கள் குடியிருப்பு நடவுக்காட்டின் ஓரத்தில் இருக்கிறது. பொழுது விடிந்ததும் ஆரம்பித்தது. முதல் மூன்று வாரம் பாடின, நாலாவது வாரம் பாடின, ஐந்தாவது வாரம் பாடின. குஞ்சு பொரித்து வாயடைத்துப் போகவேண்டிய நாளில் மத்தியான வெயிலில்கூடப் பாடின.

ஒருநாள் அண்ணனும் நானும் உள்ளே நடந்து போனோம். ஒரு மரத்தடியில் நின்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். பழக்கத்தில் விரல்கள் தானாக மடங்க ஆரம்பித்தன. இரண்டு கையும் மடங்கி, மறுபடி விரிந்து, மறுபடி மடங்கின. நான் என் வெள்ளைக் கைக்குட்டையைத் தரையில் விரித்துப் போட்டேன். அரைமணி நேரம் கழித்துக் குனிந்து பார்த்தேன்.

"என்ன விழுந்திருக்கு பாப்பா?"

"ரெண்டு ஊசி."

"இவ்வளவு பாட்டு நான் ஒரு வருஷமும் கேட்டதில்ல," என்றார். கண்ணைத் திறக்கவில்லை, கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. "எல்லாம் பசியில கத்துது."

அன்றிலிருந்து அவர் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறார். காலையில் பல் தேய்த்ததும் முதல் காரியம் அதுதான். அண்ணி அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை, பக்கத்தில் வந்து தோளைத் தட்டவேண்டும்.

போன வாரம் அறிவிப்புப் பலகையில் கருவியின் கணக்கை ஒட்டியிருந்தார்கள். நடவுக்காட்டில் எண்பத்தெட்டுப் பாட்டு, எண்பத்தெட்டு ஜோடி. இதுவரை இல்லாத எண்ணிக்கை என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அதன் அடிப்படையில் பழங்காட்டின் மீதிப் பாதியையும் வெட்டி நட விண்ணப்பம் வந்திருக்கிறதாம். ஆட்சேபணை இருந்தால் பதினாலு நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம்.

இந்தத் தடவை நான் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அண்ணனிடம்கூடக் கேட்கவில்லை. அன்றைக்கே எழுதினேன், பெஞ்சைத் தாண்டி நேரே உள்ளே போய் மேஜைமேல் வைத்தேன். அதிகாரியம்மா கடைசிப் பக்கத்தைத் திருப்பி, யார் கையெழுத்து என்று பார்த்துவிட்டு, படிக்காமலே என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.